கில்ஃபோர்டுக்குக் குடிபோன கயலுக்கு

அன்புள்ள கயல்,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காலையில் பூக்கார ஆச்சியோடு வாசலில் நின்று அரைமணி நேரம் பேசும்போது மட்டும் அந்த வலி வருவதில்லை. மாப்பிள்ளைக்கு நைட் டியூட்டி குறைந்திருக்கிறதா? போனில் கேட்க நினைப்பேன், அதற்குள் நிலவன் வந்து போனைப் பிடுங்கிவிடுவான். ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிக்க விடுவதில்லை. அதனால்தான் கடிதம். ராத்திரி அவன் தூங்கிய பிறகு நிதானமாகப் படி.

வீடு மாறிவிட்டோம், ஊர் கில்ஃபோர்டு என்று சொன்னாய் அல்லவா? அன்றைக்கே மேப்பைத் திறந்து பார்த்தேன். உங்கள் ஊருக்குத் தெற்கே, காடல்மிங் தாண்டி, வொர்ம்லி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அந்தப் பெயர் எனக்குப் பழக்கமான பெயர். துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் கருவியை நான் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆபீஸ் அலமாரியில் அங்கிருந்து வந்த அறிக்கைகள் சில கிடந்தன. பிரிட்டனின் தேசியக் கடலியல் நிறுவனம் அந்தக் காலத்தில் அந்தச் சின்ன ஊரில்தான் இருந்தது. கடலே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்று அப்போது ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு போனதில் ஒரு குடும்பத்தின் கதை கிடைத்தது. அந்த வீட்டுப் பையன் எழுதிய புத்தகங்களையும் ஒவ்வொன்றாக வாங்கிப் படித்துவிட்டேன். பையன் என்கிறேன், அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கசுவோ இஷிகுரோ. 2017-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். நீ பெயர் கேள்விப்பட்டிருப்பாய். அவர் வளர்ந்தது உங்கள் ஊரில்.

முதலில் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அவர் மேல்தான் முதலில் பிரியம் வந்தது. பெயர் ஷிசுவோ இஷிகுரோ, கடலியல் விஞ்ஞானி, இருந்தது நாகசாகியில். 1953 ஜனவரி கடைசி ராத்திரி வட கடலில் ஒரு புயல் அடித்து, கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. இங்கிலாந்தில் 307 பேர், நெதர்லாந்தில் 1,836 பேர் செத்தார்கள். 1964-ல் நம் தனுஷ்கோடியைக் கொண்டுபோனதும் இதே விஷயம்தான், காற்று கடலைத் தூக்கிக் கரைக்குள் தள்ளுவது. எவ்வளவு உயரம் வரும், எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி தேடினார்கள். பெரிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் வராத காலம். ஷிசுவோ என்ன செய்தார் என்றால், வட கடலையே ஒரு மின்சுற்றாகக் கட்டிவிட்டார். சுற்றில் ஓர் இடத்தில் இருக்கும் மின்னழுத்தம்தான் அந்த இடத்துக் கடலின் உயரம். ஓடுகிற மின்சாரம்தான் ஓடுகிற தண்ணீர். காற்றின் வேகத்தை மின்சாரமாக உள்ளே கொடுத்தால், எந்தக் கரையில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று திரையில் கோடாக வரும். ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக நிற்கிற அந்த இயந்திரம் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில், கணிதக் கூடத்தில் இருக்கிறது. காகிதச் சுருளில் பேனா கிறுக்கின கோட்டைப் பார்த்துக் கடலைப் புரிந்துகொண்டவன் நான். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்.

இந்த வேலைக்காகத்தான் 1960 ஏப்ரலில் மனைவி, பிள்ளைகளோடு நாகசாகியிலிருந்து கில்ஃபோர்டு வந்து இறங்கினார். கசுவோவுக்கு அப்போது ஐந்து வயது. நிலவன் வயதுதான். ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்றுதான் வந்தார்கள். அப்புறம் அடுத்த வருஷம் என்றார்கள். அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். முதல் பதினோரு வருஷமும் எங்கள் வீடு அடுத்த வருஷம் திரும்பிப் போகிற வீடாகவே இருந்தது என்று நோபல் உரையில் அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் யாரும் திரும்பிப் போகவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் அந்த வீட்டில் நடந்ததை முழுசாகக் கேள். திரும்பிப் போகப் போகிறோம் என்று பெற்றவர்கள் நம்பியதால், பையனை ஜப்பானுக்குத் தயாராகவே வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் ஜப்பானியப் பேச்சு, ஜப்பானிய முறைகள், மரியாதைகள். நாகசாகியிலிருந்து தாத்தா மாதாமாதம் பார்சல் அனுப்புவார். போன மாதத்துப் படக்கதைகள், சிறுவர் இதழ்கள், பாடம் சம்பந்தமான புத்தகங்கள் அதில் இருக்கும். பையன் அதை ஒன்றுவிடாமல் படிப்பான். வாசலைத் தாண்டினால் அவன் சுத்தமான இங்கிலீஷ் பையன். டிவியில் கௌபாய் தொடர்கள் பார்த்துத்தான் இங்கிலீஷே படித்திருக்கிறான். தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து, பத்து வயதில் அந்தக் குழுவின் பையன்களுக்குத் தலைவன் ஆகிவிட்டான். நண்பர்கள் வீட்டுக்குப் போனால், பெரியவர்கள் அறைக்குள் வந்ததும் எழுந்து நிற்க வேண்டும், சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திரிக்க அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. அக்கம்பக்கத்தில் ஒரே வெளிநாட்டுப் பையன் அவன்தான். அதனால் கடையில், தெருவில் முன்பின் தெரியாத பெரியவர்கள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். சண்டை முடிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. ஜப்பான்காரன் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்க வேண்டும்? அப்படியும் தன் குடும்பத்தை அவ்வளவு நன்றாக நடத்தினார்கள் என்று இன்றைக்கும் ஆச்சரியமாகச் சொல்கிறார். உங்கள் தெருக்காரர்களைப் பற்றி நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜப்பான் அவருக்குள் எப்படித் தங்கியது என்பதற்கு ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். நாகசாகியில் முடி வெட்டுகிற கடையில் சின்னப் பையன்களுக்கென்று ஒரு நாற்காலி. அதன் முன்னால், பெரிய கண்ணாடிக்கு நேராக, காரின் ஸ்டியரிங் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். பையன் அதைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது முடி வெட்டி முடித்துவிடலாம். ஐந்து வயதுக்குள் பார்த்தது. அறுபது தாண்டி, நோபல் மேடையில் நின்று அந்த ஸ்டியரிங்கைச் சொல்கிறார். பாலத்தின் பக்கத்தில் இருந்த ஒரு முரட்டு நாயையும் சொல்கிறார். நிலவன் எதை வைத்துக்கொள்ளப் போகிறானோ, நம் கையில் இல்லை.

பார்சல் அனுப்பிய தாத்தாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பையன் டீன் ஏஜில் இருக்கும்போது பார்சல்கள் நின்றுபோயின. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். கசுவோ மறுபடி ஜப்பான் மண்ணில் கால் வைத்தது 1989-ல்தான். போகும்போது ஐந்து வயதுப் பையன், வரும்போது முப்பதைத் தாண்டிய எழுத்தாளர். அதுவும் அழைப்பின் பேரில் விருந்தாளியாக. தாத்தாவும் பேரனும் நடுவில் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. இதை நான் உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் விமான டிக்கெட் விலை வேறு, போனும் கிடையாது. நமக்கு நிலவன் முகம் தினமும் ராத்திரி ஏழரைக்குத் திரையில் வந்துவிடுகிறது, மூக்கு மட்டும் பெரிசாக.

பையன் வளர்ந்து என்ன ஆனான்? எழுத்தாளன் ஆகவேண்டும் என்று ஆசையே கிடையாது. பாட்டு எழுத வேண்டும், கிதார் வாசித்துப் பாட வேண்டும், பாப் டிலன் மாதிரி ஆக வேண்டும். நூற்றுக்கும் மேல் பாட்டு எழுதி, ரெக்கார்டு செய்து கம்பெனிகளுக்கு அனுப்பினான். யாரும் எடுக்கவில்லை. பள்ளி முடித்ததும் ஸ்காட்லாந்தில் பால்மோரல் எஸ்டேட்டில், ராணியின் அம்மா வேட்டைக்கு வரும்போது புதருக்குள் நடந்து பறவைகளைக் கலைத்து விரட்டும் வேலை. அப்புறம் அமெரிக்காவிலும் கனடாவிலும் கிதாரை மாட்டிக்கொண்டு, போகிற வண்டிகளை நிறுத்தி ஏறி ஒரு சுற்று. பிறகு கேன்டர்பரியில் கென்ட் பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் தத்துவமும். நடுவிலும் பிறகும் ஏழைகளோடு வேலை பார்த்தார், முதலில் ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூவில், அப்புறம் லண்டனில் வீடில்லாதவர்களுக்கான ஓர் அமைப்பில். லண்டனில் அந்த வேலையில்தான் லோர்னாவைச் சந்தித்தார். 1986-ல் கல்யாணம். விஞ்ஞானி அப்பா இந்த வருஷங்களில் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. நானாக இருந்தால் பேங்க் பரீட்சை எழுதச் சொல்லியிருப்பேன்.

1979-ல் நார்விச்சில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷப் படிப்பில் சேர்ந்தார். கதை எழுதுவதற்கே பாடம். மால்கம் பிராட்பரியும் ஆஞ்சலா கார்ட்டரும் ஆசிரியர்கள். அவர் தங்கியது பத்து மைல் தள்ளி பக்ஸ்டன் என்ற கிராமத்தில், கூரை சரிந்த மாடி அறையில். ஜன்னல் வழியே உழுத வயலைப் பார்க்கவேண்டும் என்றால்கூட நுனிக்காலில் நிற்கவேண்டும். சின்ன மேஜை, அதில் டைப்ரைட்டரும் விளக்கும் வைத்தால் கையை வைக்க இடமில்லை. கட்டிலுக்குப் பதில் தரையில் ஒரு பெரிய ஃபோம் துண்டு. வெளியே எலும்பு விறைக்கிற குளிர், ஆனால் அந்த ஃபோமில் படுத்தால் வேர்க்குமாம். ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்கள் அந்த ஊரைவிடத் தேவலை.

அந்த அறையில்தான் ஒரு ராத்திரி திடீரென்று நாகசாகியைப் பற்றி எழுத ஆரம்பித்தார். அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் பிரிட்டனில் நடக்கும் கதைகள். ஏன் ஜப்பான் வந்தது என்று அவர் பின்னால் யோசித்துச் சொல்லியிருக்கும் காரணம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அம்மா சொன்னது, தாத்தாவின் பார்சல், ஐந்து வயது ஞாபகம், அடுத்த வருஷம் போகப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பு, இவற்றையெல்லாம் வைத்து அந்தப் பையன் தலைக்குள் ஒரு ஜப்பானைக் கட்டியிருக்கிறான். இருபத்தைந்து வயது நெருங்கும்போது அவருக்கு இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, அந்த ஜப்பானுக்கு விமானத்தில் போக முடியாது, அப்படி ஒரு நாடு வெளியே இல்லை. இன்னொன்று, வருஷத்துக்கு வருஷம் அது மங்கிக்கொண்டே வருகிறது. முழுசாக அழிவதற்குள் காகிதத்தில் இறக்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில்தான் எழுதியிருக்கிறார். 1982-ல் 'எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்' வந்தது. இங்கிலாந்தில் தனியாக வாழும் ஒரு ஜப்பானிய விதவை, தன் நாகசாகி நாள்களை நினைத்துப் பார்க்கிறாள். மூத்த மகள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறாள். அந்தம்மா எதையோ மறைக்கிறாள், நம்மிடமிருந்தா தன்னிடமிருந்தா என்று கடைசிவரை பிடிபடாது. 1986-ல் 'ஆன் ஆர்ட்டிஸ்ட் ஆஃப் தி ஃப்ளோட்டிங் வேர்ல்ட்'. யுத்த காலத்தில் ராணுவத்துக்குத் துணைபோன ஒரு வயசான ஓவியர், மகளுக்கு வரன் பேசும் நேரத்தில் தன் பழைய காலத்தைத் திருப்பிப் பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டார் ஆள் வைத்து விசாரிப்பது, பெண் வீட்டார் வயிற்றில் புளி கரைப்பது எல்லாம் அப்படியே நம் வீட்டுக் கல்யாணம்தான். உங்கம்மாவுக்கு அந்தப் பகுதிகளை மட்டும் சொன்னேன், ரசித்துக் கேட்டாள்.

அவருடைய அம்மாவையும் விட்டுவிடக் கூடாது. ஷிசுகோ. அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் இருந்தவர். வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவருக்கு மட்டும் பறந்துவந்த ஏதோ ஒரு துண்டு பட்டுக் காயம். வீடு பார்வைக்கு நின்றுகொண்டுதான் இருந்தது. மழை பெய்தபோதுதான் கூரை ஒழுகி, வீடே கோணிப்போயிருப்பது தெரிந்ததாம். இந்தக் கதைகளை அம்மா சின்ன வயதில் அவருக்குச் சொல்லவில்லை. மகன் எழுத ஆரம்பித்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார். இனி இவன் அடுத்தவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்று தோன்றியிருக்கிறது. அந்தம்மாவை அதிகம் பயமுறுத்தியது அணுகுண்டுகூட இல்லை. வேலை பார்த்த தொழிற்சாலையின் பதுங்குகுழியில், இருட்டில் வரிசையாக நிற்கும்போது தலைக்கு மேலே குண்டுகள் விழுந்த சத்தம்தானாம்.

அப்புறம் மூன்றாவது புத்தகம், 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே'. 1989-ல் புக்கர் பரிசு. ஜப்பானைப் பற்றி எழுதுகிறவர் என்று எல்லோரும் முத்திரை குத்தி வைத்திருந்தபோது, ஒரு பெரிய பிரபு மாளிகையில் வேலைபார்க்கும் பட்லரைப் பற்றி எழுதினார். இங்கிலீஷ்காரனைவிட இங்கிலீஷாக. இந்தப் புத்தகத்தை மட்டும் எப்படியாவது படித்துவிடு. அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்த படத்தை முதலில் பார்க்காதே.

ஸ்டீவன்ஸ் என்ற அந்த பட்லர் தன் எஜமானுக்குப் பல வருஷம் உழைத்தவர். எஜமான் நல்ல மனிதர்தான், ஆனால் நாஜிகளுக்கு ஒத்துப்போகிறவர். மாளிகையில் வெளிநாட்டு விருந்தாளிகளெல்லாம் கூடியிருக்கும் ஒரு ராத்திரி. மேல்மாடியில் ஸ்டீவன்ஸின் அப்பா சாகக் கிடக்கிறார். கீழே ஒயின் ஊற்ற வேண்டும், ஒரு விருந்தாளிக்குக் கால் வலி, கவனிக்க வேண்டும். ஸ்டீவன்ஸ் வேலையை விடவில்லை. எஜமான் கூப்பிட்டு, அழுகிற மாதிரி இருக்கிறீர்களே என்று கேட்கிறார். அலுப்பு, இன்றைக்கு வேலை அதிகம் என்று பதில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் அப்பா இறந்துவிட்டார் என்று வந்து சொல்கிறார்கள், அப்போதும் வேலைதான். கதை சொல்வது ஸ்டீவன்ஸ்தான், ஆனால் தான் அழுததை அவர் நமக்குச் சொல்லவே மாட்டார். அடுத்தவர் கேட்பதிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே நோபல் கொடுக்கலாம். என்னோடு வேலைபார்த்த சிலரை எனக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் இப்படித்தான் இருந்தார்கள். இடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸாரி சார், கொஞ்சம் லேட் ஆகிவிட்டது என்பார்கள். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் புத்தகத்தின் சாரத்தை நாலே வாரத்தில் எழுதிவிட்டார் என்று நிறையப் பேர் பெருமையாகச் சொல்வார்கள். நடந்தது இது. 1987 கோடைகாலம். வேலையை விட்டு முழுநேரம் எழுத உட்கார்ந்து ஐந்து வருஷம். பெயர் வந்ததும் விருந்து, அழைப்பு, பயணம் என்று எழுத்து நின்றுபோயிற்று. லோர்னாவும் அவரும் ஒரு திட்டம் போட்டார்கள். திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்தரை வரை எழுத்து மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ராத்திரிக்கு இரண்டு. கடிதம் பிரிக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, வீட்டுக்கு யாரும் வரக் கூடாது. நடையைப் பற்றிக் கவலைப்படாமல், காலையில் எழுதியதும் மாலையில் எழுதியதும் முரண்பட்டாலும் பரவாயில்லை என்று எழுதித் தள்ளினார். நாலாவது வாரத்தில் நாவல் கைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் பட்லர்களைப் பற்றியும் அந்தக் காலத்து அரசியலைப் பற்றியும் படித்து வைத்திருந்தார், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கம்மா கேட்ட கேள்வி வேறு. "சரி, அந்த நாலு வாரம் சோறு யார் பொங்கினா?" லோர்னாதான். சமையலிலும் வீட்டு வேலையிலும் அவர் பங்கையும் அந்தம்மா எடுத்துக்கொண்டார். அதை அவரே எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. மாப்பிள்ளை இதைப் படித்தால் உனக்கும் ஒரு நாலு வாரம் கேட்டு வாங்கிக்கொள்.

லோர்னா சும்மா சோறு போட்டவர் இல்லை. பல வருஷம் கழித்து 'தி பரீட் ஜெயன்ட்' எழுதத் தொடங்கி முதல் பக்கங்களைக் காட்டியபோது, இது சரிப்படாது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டார். அவரும் தூக்கி வைத்துவிட்டார். நடுவில் வேறொரு கதைத் தொகுப்பு எழுதி வெளியிட்டு, பிறகு மறுபடி முதலிலிருந்து எழுதி, 2015-ல்தான் அது வந்தது. எனக்கு அதுவும் முழுசாக ஒட்டவில்லை என்பது வேறு விஷயம். அரக்கர், டிராகன், மூடுபனி என்று போகிறது. ஆனால் அதில் வருகிற கிழவனும் கிழவியும் பிடித்தார்கள். எல்லாம் மறந்துபோன ஊரில், எப்போதோ தங்களைவிட்டுப் போன மகனைத் தேடிப் புறப்படுகிறார்கள்.

1995-ல் வந்த 'தி அன்கன்சோல்ட்' ஐந்நூறு பக்கத்துக்கு மேல். பாதியில் வைத்துவிட்டேன். ஒரு பியானோக்காரர் ஏதோ ஓர் ஊருக்கு வருகிறார், ஒரு வேலையும் நடக்கிறதில்லை. விமர்சகர்களில் சிலர் அப்போது கிழித்தெடுத்தார்கள், சிலர் இதுதான் அவருடைய பெரிய சாதனை என்கிறார்கள். நீ படித்து எனக்குச் சொல். 2005-ல் வந்த 'நெவர் லெட் மீ கோ' அப்படி இல்லை, கீழே வைக்க முடியாது. உடல் உறுப்புகளை எடுப்பதற்காகவே வளர்க்கப்படும் பிள்ளைகள், நல்ல பள்ளிக்கூடம், ஓவியம், விளையாட்டு. ஏன் ஓடிப்போகவில்லை என்று படிக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. முப்பத்துநாலு வருஷம் ஒரே ஆபீஸுக்குப் போனவனுக்கு அது வராது. நோபலுக்குப் பிறகு 2021-ல் வந்தது 'கிளாரா அண்ட் தி சன்'. அதை 2019-ல் இறந்துபோன அம்மாவுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். மகள் நவோமியும் இப்போது எழுத்தாளர்.

நோபல் செய்தி வந்த அன்று சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஈமெயில் எழுதிக்கொண்டிருந்தார். யாரோ கிளப்பிவிட்ட பொய்ச் செய்தி என்றே முதலில் நினைத்தார். லோர்னா தலைமுடிக்குச் சாயம் போடப் போயிருந்தார். டிசம்பர் 10 விருந்தில் அவர் பேசியது சின்னப் பேச்சுதான், இணையத்தில் கிடைக்கும். ஐந்து வயதில் நாகசாகியில் பாய்த்தரையில் குப்புறப் படுத்து ஒரு படப் புத்தகம் பார்க்கிறான். பக்கம் முழுக்க ஒரு வெள்ளைக்காரர் முகம், ஒரு பக்கம் வெடிப்புகை, இன்னொரு பக்கம் புகையிலிருந்து எழும்பும் வெள்ளைப் பறவைகள். பின்னாலிருந்து அம்மா குரல் சொல்கிறது, டைனமைட்டைக் கண்டுபிடித்தவர் அப்புறம் சமாதானத்துக்காகப் பரிசு வைத்தார் என்று. அந்த ஊர் மேல் குண்டு விழுந்து பதினாலு வருஷம்தான் ஆகியிருந்தது. குழந்தைக்கு ஒரு படப் புத்தகத்தைக் காட்டிக் கதை சொல்கிற அம்மா, அது எங்கே போய் நிற்கும் என்று யோசித்தா சொன்னார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நிலவன் என்னிடம், "அடுத்த வருஷம் உங்க வீட்டுக்கே வந்துடுவோம் தாத்தா, அம்மா சொன்னாங்க" என்றான். நீ அவனுக்குச் சொல்வது எனக்காகவும் சொல்வது என்று எனக்குத் தெரியும். வேண்டாம், கயல். ஷிசுவோ வீட்டில் அந்தப் பேச்சு பொய்யில்லை. அவர்கள் நிஜமாகவே அப்படி நம்பினார்கள். அந்த நம்பிக்கையால்தான் பையனுக்கு ஒரு ஜப்பான் கிடைத்தது. அங்கேயே தங்கிவிடுவோம் என்று முதல் நாளே தெரிந்திருந்தால், பார்சலும் வந்திருக்காது, வீட்டுப் பேச்சும் மாறியிருக்கும். ஆனால் உங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை, இப்போது வீடும் சொந்தமாக வாங்கியாயிற்று. நீங்கள் வரப்போவதில்லை. வரவேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. திரும்பி வருவோம் என்ற கணக்கே இல்லாமலும் பிள்ளைக்கு நம் பேச்சையும் நம் ஊரையும் கொடுக்கலாம். அதற்குச் சாக்கு எதற்கு? வீட்டில் தமிழ் பேசு. கதை சொல். சனிக்கிழமை வகுப்பு, பரீட்சை, சர்டிபிகேட் என்று அதைப் பாடமாக்கிவிடாதே. இஷிகுரோவே தன் ஜப்பானியப் பேச்சு ஐந்து வயதுக் குழந்தையின் பேச்சு என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அதை வைத்துக்கொண்டுதான் அவ்வளவும் எழுதினார். நிலவன் எழுத்தாளன் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவன் லாரி ஓட்டினாலும் சரி.

கட்டில், பீரோ எல்லாம் போகும்போது விற்கவேண்டுமே என்று மட்டமாக வாங்காதே. நல்லதாக வாங்கிப் போடு. தோட்டத்தில் இடம் இருக்கிறது என்றாயே, வருஷக்கணக்கில் நிற்கிற மரமாகவே ஏதாவது வை. எங்களுக்கு மே மாதத்தில் டிக்கெட் போடு, நாங்கள் வருகிறோம். அம்மா முழங்காலுக்கு விமானத்தில் நடைபாதை ஓரத்து சீட் கேட்டு வாங்கு.

ஒரு சனிக்கிழமை ரயிலில் லண்டன் போய், சவுத் கென்சிங்டனில் அந்த அறிவியல் அருங்காட்சியகத்துக்கு நிலவனைக் கூட்டிக்கொண்டு போ. நுழைவுக் கட்டணம் இல்லை. கணிதக் கூடத்தில் ஷிசுவோவின் இயந்திரத்தை முன்பக்கமும் பக்கவாட்டிலும் நன்றாகப் போட்டோ எடுத்து அனுப்பு. குமிழ்களுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற மாதிரி, கிட்டத்தில். நிலவன் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

பார்சல் நேற்று போட்டுவிட்டேன். 'துளிர்' மூன்று இதழ், படம் போட்ட கதைப் புத்தகம் நாலு, அவனுக்கு ஒரு பம்பரம், உனக்கு மக்ரூன் அரைக் கிலோ. நொறுங்காமல் வரவேண்டும் என்று டப்பாவில் போட்டு உன் பழைய தாவணியைச் சுற்றி வைத்திருக்கிறாள் அம்மா. கருவாடும் வைக்கச் சொன்னாள், போஸ்ட் ஆபீஸில் விடமாட்டார்கள் என்று எடுத்துவிட்டேன். கோபமாக இருக்கிறாள், நீ ஒரு வார்த்தை பேசு.

அன்புடன்,
அப்பா